காற்றாக இருக்கும்

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான்
வட்டைப் படிக்கும்.
லென்ஸ் களைத்துவிட்டது என்றார் விற்றவர்,
கொட்கா துறைமுகத்துப் பழம்பொருள் சந்தையில்,
பதினைந்து யூரோ,
வேண்டாமென்றாலும் கேட்காமல்
ஒரு ஜோடிப் பனிச்சறுக்குக் காலணியையும் கூடத் திணித்து.

மெமரி கார்டில் ஏற்கெனவே ஒருவன் குடியிருந்தான்.
வில்ஹோ. அறுபத்தொரு மணி நேரம்.
நான்காம் தளத்து லிஃப்டுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறான்.
ஏன் அங்கே நிறுத்தினான் என்று தெரியவில்லை.
அவனை அழிக்க மனம் வராமல்
பக்கத்து இடத்தில் தொடங்கினேன்.

காலை ஆறரைக்கு வேலை முடிந்து வருவேன்.
சீருடையைக்கூடக் கழற்றுவதில்லை.
நெஞ்சில் 'காவல்' என்ற மஞ்சள் எழுத்து
குண்டு டிவியின் கண்ணாடியில்
இடவலம் மாறித் தெரியும்.
அதன் மேல் ஊர்ந்துபோவான் என் ஆள்,
முகத்துக்கு ஏழெட்டு முக்கோணம் மட்டுமே வாய்த்தவன்,
காவலர் கண்ணில் மண்ணைத் தூவ.

"ராத்திரி காவல், விடிந்தால் களவு,
இரண்டில் எதற்கு உனக்குச் சம்பளம்?"
என்பாள் ஓர்வொக்கி,
வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையுறையைத் தேடிக்கொண்டு.

பதுங்கத் தெரியாது எனக்கு, அதுதான் உண்மை.
இரும்புத் தட்டியில் ஓடிவிடுவேன்.
ஈரக் காலோடு நடந்து தடம் விடுவேன்.
அந்தக் கொதிகலன் அறையில் மட்டும்
நாற்பத்து மூன்று முறை செத்தேன்.

ஆனால் காவலர்களைத் தெரியும்.
இடது காலுக்குப் பாரம் கூட்டி நடக்கும் அந்த ஆள்
ஒரு மூலைக்கு ஏழு நொடி தருவான்,
கொட்டாவிக்கு மூன்று.
திரும்புமுன் தோள்தான் முதலில் திரும்பும்.
எனக்கும் அப்படித்தான்.
காகிதச் சுருள்கள் மூன்றாள் உயரம் நிற்கும் கிடங்கில்
இரண்டு பத்துக்கு வடக்குக் கதவு,
இரண்டு இருபத்தைந்துக்கு எடைமேடை.
ஒவ்வொரு இடத்திலும் சுவர்ப்பொட்டைத் தொட்டு
ஒரு 'பீப்' வாங்க வேண்டும்.
எங்கோ ஒருவர் கண்ட்ரோலரைப் பிடித்தபடி
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால்
இரண்டே சுற்றில் மனப்பாடம் ஆகியிருப்பேன்.

சிரிப்பு வருவது அவன் சொல்லும் வசனத்துக்கு.
மரப்பெட்டிக்குப் பின்னால் என் முழங்கை தெரிகிறது.
என் நிழல் அவன் பூட்ஸ் மேலேயே விழுகிறது.
கிட்டே வருகிறான், விளக்கைத் தூக்குகிறான்,
"காற்றாக இருக்கும்" என்று திரும்பிப் போகிறான்,
நிலவறையில்,
சன்னலே இல்லாத இடத்தில்.
முட்டாளே, என்று திரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்.
கண்ணைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
காவலுக்கு வந்திருக்கிறாய்.

பிப்ரவரியில் ஒரு வியாழன். மைனஸ் இருபத்தாறு.
எடைமேடையிலிருந்து கிழக்கே போக வேண்டியவன்
ஏனோ நின்றேன்.
ஏழு நொடி. எட்டு. ஒன்பது.
மேற்கே திரும்பினேன்.

பன்னிரண்டாம் வரிசை.
வெந்நீர்க் குழாய் சுவரோடு வளையும் இடம்.
சுருள்களுக்கு நடுவே ஒரு காலுறை,
சாம்பல் நிறம், குதிகாலில் ஓட்டை.
அதற்குள் கால்.
விரல்கள் உள்ளே மடங்கின,
மிக மெல்ல,
நான் இன்னும் பார்க்கவில்லை என்று நம்பும் வேகத்தில்.

டார்ச் எரிந்துகொண்டே இருந்தது.
பிடித்துவைத்த மூச்சுக்கு ஒரு மௌனம் உண்டு;
நாற்பத்து மூன்று முறை
என் தொண்டைக்குள் இருந்தது அது.

வாக்கிடாக்கியில் ஐனிக்கி:
"தாமதமாகிறாய். அங்கே ஏதாவது?"
"காற்றாக இருக்கும்."
"கிடங்குக்கு உள்ளேயா?"
"உள்ளேதான்."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு, "சரி, குறித்துக்கொள்கிறேன்" என்றாள்.
எதைக் குறித்தாள் என்று நான் கேட்கவில்லை.

காலையில் பெட்டியைக் கவிழ்த்தேன்.
நிலவறைக்காரன் வந்தான், விளக்கைத் தூக்கினான்,
சொன்னான், போனான்.
ஒளிவிடத்தைவிட்டு நான் வெளியே வரவில்லை.
கேமராவைத் திருப்பி அவன் முகத்தைத் தேடினேன்.
கண் இருக்க வேண்டிய இடத்தில்
நான்கு பழுப்புச் சதுரங்கள்.
அவை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்றிரவு இரண்டு இருபத்தைந்திலிருந்து
பூட்ஸை வழக்கத்தைவிட
ஓங்கி ஓங்கி வைத்து நடந்தேன்.