பெட்டியின் எடை

புத்தகம் சொல்கிறது:
பனி விழுமுன் பெட்டியைக் கம்பளியால் சுற்று.
வாசலை விரற்கடை அளவுக்குச் சுருக்கு.
வசந்தம் வரும்வரை திறக்காதே.

பாலிக் புலாவில் பனி
ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் மட்டும்தான்.

எங்கள் குளிர்காலம் மழை.
செப்டம்பர் பாதியில் கடல் பக்கமிருந்து ஏறும்;
நவம்பர் வரை துவைத்த துணி காயாது.
பூத்த பூவிலும் தேனைக் கழுவிக்கொண்டு போய்விடும்.
தேனீ வாசலுக்கு வந்து
வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பும்,
ஓவர்டைம் இல்லாத மாதத்துச் சம்பளச் சீட்டை
ஒருமுறை பார்த்து மடித்து வைக்கும் என்னைப் போல.

நான்கு பெட்டிகள்,
லியோங் தவுக்கேயின் டுரியான் தோட்டத்தில்,
ஜாதிக்காய் நிழலில்.
கால்கள் எல்லாம்
பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றிய மீன் டப்பாக்களுக்குள்.
மழை பெய்து டப்பா நிரம்பினால்
எண்ணெய் வழிந்துபோகும், எறும்பு ஏறும்.
வாடகை வருஷத்துக்கு இரண்டு போத்தல் தேன்.
இந்த வருஷம் கொடுத்தது ஒன்று.

இரவு ஷிப்ட் முடிந்து
மோட்டாரில் மலைவளைவு தாண்டி வந்து
நான் பெட்டியைத் திறப்பதில்லை.
பின்பக்கம் ஒரு கையை வைத்து
ஓர் அங்குலம் தூக்கிப் பார்ப்பேன்.
கைக்குத் தெரியும்.
கனமென்றால் இருக்கிறது.
லேசென்றால் சீனி.

ஒரு ஆளுக்கு இரண்டு பாக்கெட்தான் என்கிறான்
கடைப் பையன்.
"கூவே செய்றீங்களாக்கா?"
"ஆமாம்டா. வீட்ல எண்ணாயிரம் பேர்."

முதல் பெட்டி அக்டோபரில் போனது.
சாகவில்லை. போனது.
இந்த ஊர்த் தேனீ
சோறில்லாத வீட்டில் உட்கார்ந்து அழாது.
ஒரு குஞ்சு இல்லை, ஒரு துளி மிச்சமில்லை,
முன்பணத்தைத் திருப்பி வாங்கக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போன
வாடகை வீடு மாதிரி அத்தனை சுத்தம்.
மூன்றாம் நாள் மெழுகுப்பூச்சி குடியேறியிருந்தது.

இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதில் ராணி இல்லை.
மிச்சம் ஒரு கைப்பிடி.
அதை நான்காவதோடு சேர்க்க
நடுவில் ஒரு நாளிதழ்த் தாள் வைத்தேன்,
ஊசியால் நாலைந்து துளை குத்தி.
மரண அறிவித்தல் பக்கம்; கையில் கிடைத்தது அது.
இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும்
கடித்துக் கடித்து
ஒன்றின் வாசம் மற்றதற்குப் பழகும்.
சண்டையில்லை.
வாசலில் காகிதத் தூள் கொட்டிக் கிடந்தது,
அதில் கடிபடாமல் தப்பிய ஒரு சொல்:
'அன்னாரின்'.

டிசம்பரில் எங்கள் தொழிற்சாலையிலும்
மூன்றாம் லைனையும் ஐந்தாம் லைனையும் ஒன்றாக்கினார்கள்.
நடுவில் எந்தத் தாளும் வைக்கவில்லை.
ஹம்சவேணியும் ரொஸ்மாவும்
இன்னும் பேசிக்கொள்வதில்லை.

ஜனவரி கடைசியில் மழை விட்டது.
சரிவில் யாரும் வெட்டாமல் விட்ட பால்மரங்கள் பதினைந்தும்
ஒரே வாரத்தில் சிவந்து, பழுத்து, கொட்டிவிட்டன.
சுற்றிலும் பச்சை மலை,
நடுவே இந்த மொட்டைக் கிளைகள்.
புத்தகத்துப் படம் நினைவுக்கு வந்தது.
பனியை மட்டும் யாரோ
துடைத்து எடுத்துவிட்டாற் போல்.

பிறகு செம்பு நிறத்தில் கொழுந்து.
பால்மரத்துத் தேன் பூவிலிருந்து வருவதில்லை.
மூன்று இலைகள் பிரியும் காம்பு நுனியில்,
ஊசிமுனை ஊசிமுனையாகக் கசியும்.
கீழே நின்று பார்த்தால் தெரியாது.
கேட்கலாம்.

தவுக்கே வேலியோரம் வந்து கேட்டார்,
"ரெண்டாவது போத்தல்?"
"இருங்க தவுக்கே,
இன்னும் அதுங்களே சாப்பிட்டு முடிக்கல."

இன்று காலை ஏழே முக்கால்.
வெயில் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கவில்லை.
இரவு வௌவால் கலைத்துப்போட்ட டுரியான் பூ
தரை முழுக்க, புளித்த பால் வாசத்தோடு.
தலைக்கவசத்தைக் கழற்றாமலே குனிந்து
நான்காவது பெட்டியின் பின்னால் கை வைத்தேன்.

அசையவில்லை.

இன்னொரு கையையும் வைத்தேன்.