சொல்லாமல் சாய்வது

வாங்கிப் பதினெட்டு நாள்.
சீட்டின் பாலிதீனை இன்னும் கிழிக்கவில்லை,
அதற்குள் அடிப்பக்கம் முழுவதையும்
கழற்றி மாற்றக் கணக்குப் போடுகிறேன்
ஐஸ் கம்பெனி பில்லின் பின்புறத்தில்.

ஸ்பிரிங், முப்பது மில்லி இறக்கம்.
டாம்பர், திருகி இறுக்கும் வகை.
பின்பக்க ஆன்ட்டி ரோல் பார், இருபத்திரண்டு தடிமன்.
ரப்பர் புஷ் எல்லாம் போய் பாலியூரித்தேன்.
கூட்டிப் பார்த்தேன்.
எஞ்சினோடு ஒரு பழைய வள்ளம் வாங்கலாம்.
கூட்டலை அடித்துவிட்டுப்
பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முந்நூறு குதிரைச் சக்தி,
தங்கச்சிமடத்தில் எதற்கு?
நண்டு உடைக்கும் ஷெட்டில் ஒருத்தி விடாமல் கேட்டாயிற்று.
கூலியை நான் கொடுக்கிறேன்
கேள்வியை அவர்கள் கொடுக்கட்டும்.

கேணிக்கரை கசாலி மட்டும் வேறு மாதிரி கேட்டார்
ஜாக்கியின் கீழிருந்து தலையை நீட்டி:
"வளைவு எங்கம்மா இருக்கு இந்தச் சீமையில?
மண்டபம் தாண்டுனா கயிறு பிடிச்ச ரோடு."

பாலம் இருக்கிறதே.
ஆடி மாதக் கச்சான்
பாம்பன் பாலத்து முதுகில் ஏறும்போது
விலாவில் கைவைத்துத் தள்ளும்.
உச்சியில் பாதி ரோட்டில் நிறுத்திவிட்டு
ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் டூரிஸ்ட் வேன்கள்.
போன வியாழன் ஒன்று அப்படி நின்றது.
ஒடித்தேன். திருப்பினேன்.
இரண்டு டன் இரும்பு வலப்பக்கம் படுத்து
எழுந்து
இடப்பக்கம் படுத்தது.

லியோன் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தான்,
கதவுக்கு மேலே பிடியில் ஒரு கை.
பன்னிரண்டு பாகத்தில் சங்கு குளித்தவன்.
இடது காதுக்குள் ஏதோ கிழிந்து ஐந்து வருடம்.
கட்டிலில் புரண்டாலே கூரை சுற்றும்.
மாதம் இரண்டு முறை ராமநாதபுரம், அதே டாக்டர், அதே மாத்திரை.
அக்காமடம் இறக்கத்திலேயே பையை விரித்துவிடுவான்.
அன்று பாலத்துக்கு அந்தப்புறம் இறங்கி
மணலில் வாந்தி எடுத்து முடித்து
வாயைத் துடைத்தபடி சொன்னான்:

"வள்ளம் இதைவிடச் சாயும்.
ஆனா அலை வர்றதைக் காட்டிட்டுச் சாயும்.
ஒன் வண்டி சொல்லாமச் சாயுது.
சாஞ்சு முடிஞ்சப்பெறகும்
இன்னொரு தரம் சாயுது."

இன்னொரு தரம்.
மூன்று இரவு வீடியோ பார்த்து
நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான்.
ஸ்பிரிங் இல்லை.
அமுங்கிய ஸ்பிரிங்கைத் திரும்பி வரும்போது பிடிக்க
டாம்பரில் ஆளில்லை.

முப்பது மில்லி இறக்கத்தை அடித்தேன்.
உச்சிப்புளி வேகத்தடைகளுக்கும்
காற்று ரோட்டில் கொண்டுவந்து கொட்டும் மணலுக்கும்
இருக்கும் உயரமே போதாது.
கசாலிக்கு முகம் சுருங்கிவிட்டது.
"இறக்குனா பாக்க ஒரு எடுப்பு இருக்கும்ல?"
இருக்கும்தான். எனக்கும் ஆசைதான்.
சக்கரம் ஓர் அங்குலம் சின்னது, டயர் சதை கூட.
பாலியூரித்தேன் வேண்டாம், சின்ன அதிர்வும் அவன் தலைக்குப் போகும்.
டாம்பர் முதலில். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பார்.
ஒவ்வொரு நட்டிலும் கிரீஸ் வழிய வழிய;
எங்கள் ஊர் உப்புக்கு ஆறு மாதம் போதும்
நட்டும் போல்ட்டும் தாலி கட்டிக்கொள்ள.
வாரண்டி பற்றி ஷோரூமில் கேட்கக் கூடாது.

சாயங்காலம் பூவரசு நிழலில் வண்டி.
லியோனை உள்ளே உட்கார வைத்து
கண்ணை மூடிக்கொள் என்கிறேன்.
முன் மூலையில் முழு எடையும் போட்டு
ஓர் அமுக்கு, கையை எடுத்துவிட்டேன்.

"எத்தனை?"

பழம் மூக்கருகே. கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ரெண்டு.
இல்ல, ரெண்டரை."

பில்லின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்,
தேதி போட்டு:
இரண்டரை.