இணைந்துள்ள கருவிகள்: இரண்டு

ராத்திரி அடித்த காற்றில்
ஹீயுமா தீவின் வடகரையில் ஒரு பிர்ச் மரம்
கேபிளின் மேல் சாய்ந்தது.
வேறெதன் மேலும் சாயவில்லை.
விளக்கு எரிகிறது, அடுப்பு எரிகிறது,
இணையம் மட்டும் செத்துக் கிடக்கிறது.
பத்தரை மணிக்கு எங்கள் விவாகரத்து.

தாலினிலிருந்து நோட்டரி திரையில் வருவார்.
வீடு விலைபோகும்வரை
தார்மோ கீழே, நான் மேலே.

மாடியில் மேற்கு ஜன்னலில்தான் சிக்னல் நிற்கும்,
அதுவும் கண்ணாடியை ஒட்டி, ஈரச் சட்டத்தின் மேல்.
செல்பேசியை அங்கே நிறுத்தி
பூனைக்கு வாங்கிய மீன் டப்பாவை முட்டுக் கொடுத்தேன்.
ஹாட்ஸ்பாட்டைத் திறந்தேன்.
அதன் பெயர் இன்னமும் முரி.
முரி எங்கள் நாய். நாலு வருடம் முன்பு
உறைந்த கடல்மேல் நரியைத் துரத்திப் போனது,
நரி மட்டும் திரும்பியது.
பாஸ்வேர்ட் வைத்தவன் தார்மோ,
ஏதோ ஒரு கப்பல் பயணத்தில், கட்டைவிரலால்,
மறுகையில் ஹெர்ரிங் வைத்த ரொட்டியோடு.

என் லேப்டாப் இணைந்தது: ஒன்று.
நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள்: இரண்டு.
யாரும் கேட்கவில்லை, யாரும் தரவில்லை.
கீழே, படகுக்கு வார்னிஷ் குழைக்கிற மேசையில்
அவன் மூடியைத் திறந்திருக்கிறான்.
பழைய பழக்கத்தில் அது படியேறி வந்து
என் டேட்டாவில் கைவைத்துவிட்டது.

அணைத்திருக்கலாம்.
விரல் அந்தப் பொத்தான்வரை போனது.
அணைத்தால் அவன் வரமாட்டான்,
அவன் வராமல் இது முடியாது.

நோட்டரி சின்னப் பெண், ஜலதோஷம் வேறு.
இருவரும் தனித்தனி அறையில்தானே என்றாள்.
ஆம் என்றேன்.
அவனுடைய ஆம் முதலில் தரைப்பலகை வழியாக வந்தது,
தொண்டையைச் செருமிக்கொண்டு.
ஒரு நொடி கழித்துத் திரையில்,
தாலின்வரை போய்த் திரும்பிய கரகரப்போடு.
பதினேழு வருடம் பலகை வழியாக வந்ததைத்தான் கேட்டேன்.
இன்று செல்லுபடியாவது இரண்டாவது.

சொத்துப் பத்தியில் அவன் முகம் உறைந்தது,
ஒரு கண் பாதி மூடியபடி.
கேமராவை அணையுங்கள், இருவருமே, என்றாள் நோட்டரி,
குரலாவது வந்து சேரட்டும்.
கறுப்புக் கட்டத்துக்குள் லே என்று நான்,
பக்கத்தில் தா.

பேட்டரி ஒன்பது சதவீதம்.
பலகை வழியாக இதையும் சொல்லியிருப்பேன் போல.
படிக்கட்டில் கம்பளிக் காலுறைச் சத்தம்.
ஒரு கையில் சார்ஜர்,
மறுகையில் திறந்த லேப்டாப், பரிமாறுகிறவன் தட்டைப் பிடிப்பதுபோல.
என்னைப் பார்க்காமல் குனிந்து செருகினான்.

அப்போதுதான் அது கத்தத் தொடங்கியது.
இரண்டு லேப்டாப்பும் ஒரே அறையில்,
ஒன்றின் குரலை ஒன்று விழுங்கி
இன்னும் உரக்கத் துப்பி,
காது கிழிகிற ஊளை. பூனை கட்டிலுக்கடியில் பாய்ந்தது.
என்ன சத்தம் அது என்றாள் நோட்டரி.
காற்று என்றோம்
இருவரும், ஒரே சமயத்தில்.

அவன் கீழே போகும்வரை ஊளை படிப்படியாக இறங்கியது.
பிறகு ரகசிய எண்ணை அடித்தோம்.
அவனுடையது முதலில் ஏறியது,
என்னுடையது சுற்றிச் சுற்றி, கடைசியில் ஏறியது.
நோட்டரி மூக்கைச் சிந்திவிட்டு நல்ல நாளாகட்டும் என்றாள்.

எண் இன்னும் இரண்டிலேயே நின்றது.
மறந்துவிடு என்கிற பொத்தான்
அவன் கருவியில்தான் இருக்கிறது.
என்னிடம் இருப்பது பெயர் மாற்றும் இடம்.
முரியை அழித்தேன்,
காலிக் கட்டத்தைக் கொஞ்சநேரம் பார்த்தேன்,
திரும்ப முரி என்றே எழுதிவிட்டு
உருளைக்கிழங்கு வேகவைக்கப் போனேன்.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
மரம் வெட்டுகிறவர்கள் வரவில்லை.
ஐந்து மணிக்கு, டேட்டா தீர்ந்தது என்று குறுஞ்செய்தி.
கீழே ஹாக்கி ஆட்டம் பாதியில் நின்றிருக்க வேண்டும்.
தார்மோ சொன்ன கெட்ட வார்த்தை
பலகை வழியாக வந்தது,
தாமதமே இல்லாமல்.