பார்க்க மட்டும்

பார்க்க, எழுத, அழிக்க.
ஒரு பெயருக்கு நேரே மூன்று சதுரம்.
சரி போட்டால் கதவு,
எடுத்துவிட்டால் சுவர்.
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குத்
திறப்பு வெட்டுகிறவள் நான்,
களுவாஞ்சிகுடியில்,
பிரேத அறைக்கு அடுத்த அறையில்.
குளிர் தேவைப்படுகிறவர்களை
ஒரே பக்கமாக வைத்திருக்கிறார்கள்,
சேவரையும் சேர்த்து.

ஐந்தாம் விடுதித் தாதிக்கு ஐந்தாம் விடுதி.
எக்ஸ்ரேக்காரருக்கு எலும்பு.
பெரிய டொக்டர் எல்லாம் பார்க்கலாம், பார்ப்பதில்லை;
கீபோர்டுக்கு அடியில் ஒட்டிய அவரது பாஸ்வேர்டால்
மற்றவர்கள் பார்க்கிறார்கள்.
கிழித்தேன்.
மறுநாள் புதுக் கடதாசி, அதே கையெழுத்து,
கடைசியில் மட்டும் ஓர் ஒன்று கூடியிருந்தது.

கச்சான் காற்று ஜன்னலில் மணல் அறைந்த வெள்ளிக்கிழமை
பதிவை வாசித்துக்கொண்டிருந்தேன்:
யார், எப்போது, எந்தக் கோவை.
மாதாமாதம் பதினேழாம் திகதி
மாலை நான்கு பத்துக்கு
ஒரே கோவை திறந்திருக்கிறது.
நாற்பது செக்கன். மாற்றம் எதுவுமில்லை.
பயனர்: கோமளேஸ்வரன், பதிவேட்டறை.

கோமளேஸ்வரன் பதிவேட்டறையில் இல்லை.
இரண்டு வருடமாகக் களஞ்சியத்தில்
சேலைன் பெட்டி எண்ணுகிறார்.
ஆளை மாற்றிய கடிதம்
என் மேசைக்கு வந்திருக்கிறது, கையொப்பமும் வைத்திருக்கிறேன்.
திறப்பை வாங்க மறந்தது நான்.

கோவைக்குள் போகவில்லை.
போனால் என் பெயரும் அங்கே ஒரு வரியாகும்.
தலைப்பே போதுமாயிருந்தது.
பெண். பெயர் இடப்படவில்லை.
வயது ஆறு மணித்தியாலம்.
தாய் கோ. யோகவதனி.
அந்தக் ‘கோ’வில்
கொஞ்ச நேரம் நின்றேன்.

சொல்லிவிட்டு எடு என்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
ஆனாலும் களஞ்சியத்துக்கு நடந்தேன்.
எண்ணிக்கொண்டிருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

“அதில ஒரு கால் தடம் இரிக்கு, மிஸ்.
மை தொட்டு எடுத்தது. சுண்டுவிரல் சரியா விழல்ல.”

பிறகு,
“நீங்க எடுத்தாலும் அது அங்கதானே இரிக்கும்?”
இருக்கும்.
“ஒருத்தரும் அழிக்க ஏலாதே?”
அந்தச் சதுரத்தில் ஒருவருக்கும் சரி இல்லை,
எனக்கும்தான்.

ஊழியர் பார்க்கக் கூடாது, தகப்பன் கேட்கலாம்.
படிவம் கொண்டுபோயிருந்தேன்.
நின்றபடியே வாசித்தார்:
கோருபவர். உறவுமுறை.
பேனையைக்கூட எடுத்தார்.
“பிரதி கோருவதற்கான காரணம்”
என்ற இடத்தில் நான்கு புள்ளிக்கோடுகள்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
“சரி மிஸ், எடுங்க.”

எடுத்தேன்.
ஒரு சொடுக்கு, சத்தம்கூட இல்லை.
கணக்காய்வாளர் வந்தார், மெச்சினார்,
வடையில் ஒன்றை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்.

பதினேழாம் திகதி வந்தது.
சூன் பாண் ஓட்டோ
அதே மெட்டோடு வாசலைத் தாண்டியது.
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று
சொல்லமாட்டேன்.

நான்கு பத்து. கோமளேஸ்வரன்.
அனுமதி மறுக்கப்பட்டது.

ஒரே ஒரு முறை. திரும்ப முயலவில்லை.

அந்த வரியைத் திருத்த ஒருவராலும் ஏலாது.
பார்க்க
எனக்கு மட்டும் அனுமதி.