செவ்வாய், வெள்ளி

என்னிடம் இரண்டு வட்டுகள்.
கறுப்பு உறையில் வெள்ளைப் பேனாவால் எழுதியிருக்கிறேன்:
ஒன்று செவ்வாய், ஒன்று வெள்ளி.
கிழமைகள்தான். கிரகங்கள் என்று நினைத்தாலும் பாதகமில்லை,
ஒன்று எப்போதும் வீட்டை விட்டுத்
தொலைவில் சுற்றவேண்டும்.

தொலைவு என்றால் சஸ்கட்டூனில் ஆற்றுக்கு அக்கரை.
பவளராணி வீட்டு மாவு டப்பாவுக்குப் பின்னால்
என் செவ்வாய்.
என் அலமாரியில், பழைய வரிக் கோப்புகளின் அடியில்
அவளுடைய வட்டு.
இருவரும் ஊரார் கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள்.
அவள் கடவுச்சொல் எனக்குத் தெரியாது, என்னுடையது அவளுக்கு.
பூட்டிய பெட்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு
ஆறு வருடம் தூங்கினோம்.

மாதக் கடைசிச் செவ்வாய்,
எட்டாம் தெரு மளிகைக்கடை வாசலில்
கார்க் கண்ணாடியை நாலு விரல் இறக்கி
வாங்குவோம், படியெடுத்துத் திருப்பித் தருவோம்.
பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இதற்குப் பெயர் படிமம்.
கவிதையில் வருவது அல்ல;
இது எதையும் எதற்கும் ஒப்பிடாது.
மென்பொருள் கேட்கும்:
எழுதிய இடங்களை மட்டுமா, வெற்றிடத்தையும் சேர்த்தா?
சேர்த்தே என்பேன்.
அழித்தவை அங்கேதான் கிடக்கின்றன,
பெயர் போய், உடம்பு போகாமல்.
பிறகு கேட்கும்: சரிபார்க்கவா?
அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.
வேண்டாம் என்பேன்.

அக்டோபரில் சலவைக்கடைக்காரர் தன் ரசீதுப் பைகளை
என்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொண்டுபோனார்.
நான் ஒன்று சொன்னேன். அவள் ஒன்பது சொன்னாள்.
அவள் ஊர்ப் பேச்சில்
வயரை மாட்டுவதும் கொழுவுவதுதான்,
சண்டை பிடிப்பதும் கொழுவுவதுதான்.
கொழுவினோம்.
யாரும் கழற்றவில்லை.

பிப்ரவரியில் மேல்வீட்டுக் குழாய் உறைந்து வெடித்தது.
மேசைமேல் மடிக்கணினி, அதில் மாட்டியபடியே வெள்ளி.
இரண்டும் ஒரே இரவில் குளித்தன.
வரிக்காலம். பதினேழு கடைகள்.
தொலைபேசியில் அவள் பெயரை
மூன்று முறை தொட்டு, மூன்று முறை விட்டேன்.
நான்காவது முறை, மணி முழுதாய் அடிக்குமுன் எடுத்தாள்.

மைனஸ் முப்பத்தெட்டு. நாலு விரல் கண்ணாடி.
ஒரு ஜிப் பை வெளியே வந்தது.
"இந்தா. போன உடனை கொழுவிப்போடாதை,
உள்ளுக்கை வேர்த்துப்போகும். குளிர் விடட்டும்."
அவ்வளவுதான். கண்ணாடி ஏறியது.

சமையல் மேசையில் இரண்டு மணி நேரம்
பையின் வெளிப்பக்கம் துளி பூத்து, வழிந்து, காய்ந்தது.
ரசம் வைத்தேன், குடிக்கவில்லை.
ஆறு வருடத்து 'வேண்டாம்' ஒவ்வொன்றும்
வரிசையில் வந்து நின்றது.

புதுக் கணினி. மீட்புக் குச்சி.
மீதி நேரம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.
பிறகு நாற்பது நிமிடம். பிறகு ஒன்பது மணி.
இதோ கிளம்பிவிட்டோம் என்று
குளித்துக்கொண்டே சொல்லும் விருந்தாளிபோல.

விடியுமுன் திரை விழித்தது.
அது இன்னும் செப்டம்பரில் இருந்தது.
வலது மூலையில் மஞ்சள் குறிப்புச் சீட்டு,
என் தட்டச்சு, என் எழுத்துப்பிழையோடு:
"சலவைகடை தலைவலி.
பவளத்திடம் தள்ளிவிடலாமா? கேட்கணும்."

எழுதியது நினைவில்லை.
அழித்ததும் நினைவில்லை.

வைஃபை கிடைத்ததும் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொண்டது.
சீட்டு திருத்திக்கொள்ளவில்லை.
நாலரை மாதக் கணக்கை இனிக் கையால் ஏற்றவேண்டும்.
எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது,
அந்த அக்டோபர் மாலைக்குத் தவிர.

செவ்வாயில் புதிதாய் ஒரு படிமம் எடுத்தேன்,
மஞ்சள் சீட்டோடு.
சரிபார்க்கவா என்றது.
ஆம்.
ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.
கீழே இறங்கிப் போய்,
எஞ்சின் உறையாமலிருக்க,
காரைக் கொழுவிவிட்டு வந்தேன்.