கரன்ட் போன நேரத்துத் தோட்டம்

பங்குனி பிறந்தால்
பொதட்டூர்பேட்டையில் கரன்ட் அடிக்கடி போகும்.
எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நிற்கும்.
காதுக்குள் மட்டும் இன்னும் கொஞ்சம் ஓடும்.
அது அடங்கும் முன்
நான் கொல்லையில் இருப்பேன், கையில் கடப்பாரை.

கொல்லை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
தறிக்கூடத்துச் சுவருக்கும் கழிவறைக்கும் நடுவே
நாலு லுங்கி விரித்த அகலம்.
நீளத்துக்கு ஐந்தாவதைப் பாதி மடிக்க வேண்டியிருக்கும்.

முதல் குத்தில் மண் வரவில்லை.
நூல் வந்தது.
பச்சை. இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது.
பிறகு கத்தரிப்பூ நிறம்,
பிறகு மஞ்சளும் நீலமும் பின்னிக்கொண்டு.
எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள்
பதினைந்து வருஷக் கழிவைப் பெருக்கிப் பெருக்கி
இங்கேதான் தள்ளியிருக்கிறார்கள்.
பருத்தி மக்கிவிட்டது.
பாலியஸ்டருக்குச் சாவே இல்லை.
ஒரு மண்புழு இடுப்பில் சிவப்பு இழை மாட்டி
நெளிந்துகொண்டிருந்தது.
நகத்தால் பிரித்துவிட்டேன்,
பாவில் விழுந்த சிக்கைப் பிரிப்பது மாதிரி.

"கீரைக்கட்டு வாசலுக்கே வருது, பத்து ரூபா"
என்றார் தணிகாசலம்.
வருகிறதுதான்.
கணக்குப் போட்டால் தோற்றுப்போவேன்,
அதனால் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை முனெம்மா வந்தாள்,
நகரியிலிருந்து ஷேர் ஆட்டோவில்,
சிமெண்ட் சாக்கில் ஆட்டுப்புழுக்கை,
முந்தானை முடிச்சில் விதை.
சோடா மூடியால் அளந்து போட்டாள்.
"இதி கோங்கூர. இதி சொரகாய."
புளிச்சகீரை, சுரைக்காய் என்றேன்.
"அதே" என்றாள்.
அந்த ஒரு சொல்லை மட்டும்
இரண்டு பேரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.
என் மண்ணை ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.
"ரங்கு வாசன" என்று கீழே தட்டினாள்.
இன்னொரு சாக்குப் புழுக்கை வேண்டும் என்றாள்.
அக்கறையா வியாபாரமா தெரியவில்லை.
வாங்கினேன்.

புதன் காலை போன கரன்ட்டில் ஒரு பாத்தி.
வெள்ளி மத்தியானம் வெண்டையும் கொத்தவரையும்.
யுகாதி அன்று பார்த்து
நாள் முழுக்க கரன்ட் இருந்தது.
மறுநாள் போய்ப் பார்த்தால்
மூடாமல் விட்ட சுரைக்குழிகளில்
எதிர்வீட்டு வேம்பின் பூ.
அதன் மேலேயே விதையைப் போட்டு மூடினேன்.

முளைத்தது. ஏழில் நாலு.
ஒன்றைக் கோழி தின்றது.
வெண்டை இலைக்கு அடியில் அசுவினி
கருப்பாக அப்பிக்கொண்டு வந்தது.
பாவுக்குக் கஞ்சி போட்ட வம்சம் நாங்கள்,
அசுவினிக்கும் கஞ்சிதான்.
வடித்ததைப் புளிக்கவைத்துத் தெளித்தேன்,
காய்ந்து உதிரும்போது சேர்த்து உதிர்ந்தன.
கோங்கூர மட்டும் எதையும் கேட்கவில்லை,
சாய மண்ணிலும் தண்டு சிவக்கச் சிவக்க வந்தது.

சுரைக்கொடி தலைதூக்கிய அன்று
பந்தலுக்குக் கயிறு தேடினேன்.
ஜன்னலில் இருந்தது,
மண்ணிலிருந்து உருவியதையெல்லாம்
அலசிச் சுற்றிவைத்த பந்து,
தேங்காய் அளவு.
ஆறு இழையாக முறுக்கி
சுவர் ஆணிக்கும் கழிவறைக் கூரைக்கும்
இழுத்து இழுத்துக் கட்டினேன்.
வெறும் பாவு.
ஊடையைக் கொடி பார்த்துக்கொள்ளும்.

சித்திரை கடைசியில் ஒருநாள்
ஆறரைக்குக் கரன்ட் போனது.
சுரைப்பூ விரிகிற நேரம்.
செல்போன் வெளிச்சம் தேவைப்படவில்லை,
அத்தனை வெள்ளை.
ஆண்பூ எட்டு, ஒன்பது. பெண்பூ ஒன்றே ஒன்று,
கழுத்துக்குக் கீழே
சுண்டுவிரல் நீளத்துக்கு மயிர் அடர்ந்த பிஞ்சு.
வண்டு வருமா என்று காத்திருக்க
எனக்கு நேரம் ஏது.
ஆண்பூவின் இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு
உள்ளே வைத்து ஒரு சுற்று, இரண்டு சுற்று.
மூன்றாவது சுற்றில்
எட்டுத் தறியும் ஒன்றாகக் கத்தின.
"ஏய், இழை அறுந்து ஓடுது" என்று அவர் குரல்.

ஓடினேன்.
முடி போட்டு, நாடாவைத் தட்டிவிட்டு
நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்,
நீலக் கட்டத்தின் ஓரம்
என் விரல் இழுவிய மஞ்சள்.
தணிகாசலம் கண்ணில் பட்டால் டேமேஜ் என்பார்.
ஒரு துவையலில் போய்விடும், அது இல்லை யோசனை.
பூவை நூலால் கட்டி மூடினேனா, இல்லையா,
அதுதான் அன்று ராத்திரி
பதினோரு கஜமும்.