நாலாவது டிஸ்க்

தலவாக்கலை, பேக்கரிக்கு மேல்மாடி ஸ்டூடியோ.
பின்னேரம் ஆறரைக்கு இடி.
ஏழு மணிக்கு மரியநாயகம் போன் எடுத்தார்:
"யோகமலர், பெட்டி கத்துது."

கத்தத்தான் வேணும்.
கத்தச் சொல்லி வைத்தவளே நான்தான்.

நாலு ஹார்ட் டிஸ்க்கில் நாலாவதற்குப்
பச்சை அணைந்து செம்மஞ்சள்.
படங்களோ ஒன்றும் நடக்காததுபோல் திறந்தன:
மணவறைகள், மஞ்சள் நீர்,
அடையாள அட்டைக்கென்று சிரிக்காமல் நின்ற
ஆயிரத்துச் சொச்சம் முகங்கள்.

"செத்தது எப்படிப் படம் காட்டுது?"

மலையில் நிரை பிரிப்பார்களே, அதுதான் என்றேன்.
முழு மலையையும் ஒருத்தி ஆய்வதில்லை.
ஒரு படத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு நிரை;
வேகம் அதனால்.
முறை வைத்து ஒருத்தி மட்டும்
கொழுந்து சுமக்காமல் மொத்தத்தை எழுதிக்கொள்வாள்.
மொத்தம் தெரியும், இரண்டு கூடை கையில் இருக்கிறது.
வராதவள் கூடையில் எத்தனை கிலோ என்று
அவளைக் கேட்காமலே சொல்லலாம்.

"இன்னொருத்தியும் வராவிட்டால்?"

புதிய டிஸ்க்கின் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.
நாலும் கொழும்பிலிருந்து ஒரே நாளில்
ஒரே பெட்டியில் வந்தவை.
ஒரே வயது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

திரையில் பதினேழு மணித்தியாலம் என்று விழுந்தது.
மிச்ச மூன்றும்
முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை
தம்மைத் தாமே வாசிக்கத் தொடங்கின.

இரவு இரண்டுக்குக் கரண்ட் போனது.
நாற்பத்தொரு வீதம்.
யுபிஎஸ் நிமிடத்துக்கொருமுறை விக்கியது.
ஜன்னல் இடுக்கால் பனிமூட்டம் வந்து
வயர்களை முகர்ந்துவிட்டுப் போனது.
பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
அதனால் ஒரு பயனும் இல்லையென்று தெரியும்.
மூன்று மணிக்குக் கீழே போறணை பற்றவைத்தார்கள்;
கரண்டும் வந்தது.

மறுநாள் பின்னேரம் நாலும் பச்சை.
மரியநாயகம் மாலு பணிஸ் வாங்கிவந்தார்.
அந்தச் சந்தோஷத்திலேயே பெட்டியைத் துப்பரவாக்கினார்:
பழையதென்று நினைத்து ஒரு கோப்புறை,
பிறகு குப்பைத்தொட்டி.
போன ஞாயிறு எடுத்த கல்யாணம்.

நாலும் ஒன்றாகக் கேட்டு நடந்தன.
என்ன வேகம்!

"பாதுகாப்பு எண்டியேம்மா?"
"சாவுக்கு, சேர்.
நீங்கள் அழி எண்டால்
அதுகள் ஏன் மறுக்கப் போகுதுகள்?"

என் அக்கா வீட்டில், பண்டாரவளையில்,
நைஸ் பிஸ்கட் தகரத்துக்குள் ஐந்தாவது ஒன்று இருந்தது.
பழசு. மந்தம். எந்த வயரிலும் மாட்டாதது.
வெள்ளிக்கிழமைவரை எல்லாம் அதிலிருந்தது.
நிச்சயதார்த்தம் இருந்தது.
ஞாயிற்றுக்கிழமை இல்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை.
இப்போது இரண்டு தகரம்.
கல்யாணம் முடிந்த மறுநாள்
மரியநாயகமே ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு
பதுளை ரயிலில் ஏறுகிறார், மற்றதோடு திரும்புகிறார்.
சுரங்கங்களுக்குள் இருட்டும்போது மட்டும்
மூடியைத் தடவிப் பார்ப்பாராம்.
உள்ளே அது சுழலாமல்,
பெட்டியில் நடப்பது எதுவும் தெரியாமல் கிடக்கும்.

தெரியாமல் இருக்கத்தான் அதற்குச் சம்பளம்.